கிராஃப் தியரில பிஎச்டி முடிச்சுட்டு கிளாஸ்ரூம் ரிசர்ச்சா?

கேள்வி: ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல மேத்ஸ் அசிஸ்டன்ட் புரொஃபசரா இருக்கேன். பிஎச்டி கிராஃப் லேபிளிங்ல (புள்ளியும் கோடுமா இருக்கற அமைப்புக்கு எண் குடுக்கற கணக்கு). எங்ககிட்ட பி.எஸ்சி மேத்ஸ் சேர்ற பசங்கள்ல நிறைய பேரு, பிளஸ் டூல நல்ல மார்க் எடுத்தவங்களே, ரியல் அனாலிசிஸ் (கால்குலஸ் ஏன் சரின்னு நிரூபிக்கற பாடம்) ஆரம்பிச்சதும் "எனக்கு மேத்ஸ் செட் ஆகாது சார்"னு ஒதுங்கிடறாங்க. ஏன்னு பார்க்கலாம்னு எஜுகேஷன் ரிசர்ச் பேப்பர் எடுத்தா எங்க பார்த்தாலும் ஐடென்டிட்டி, ஐடென்டிட்டி. பத்துப் பேரை இன்டர்வியூ பண்ணி நாப்பது பக்கம் எழுதறாங்க, தியரமும் கிடையாது ப்ரூஃபும் கிடையாது. இதையெல்லாம் எப்படி நம்பறது, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? டிபார்ட்மென்ட்ல வேற "என்ன சார், மேத்ஸை விட்டுட்டு பி.எட் பக்கம் போறீங்களா"ன்னு சிரிக்கறாங்க. (பெயர் வேண்டாம்)

பதில்: கடைசி வரியிலேர்ந்து ஆரம்பிக்கறேன் சார். அந்த பி.எட் கிண்டலைப் போய் ஒரு பத்திரிகைக்கு லெட்டர்ல எழுதற அளவுக்கு அது உங்களைக் குத்தியிருக்குல்ல, ஏன் குத்துச்சு? நீங்க ஒரு மேத்ஸ்காரர்னு இத்தனை வருஷமா உங்களுக்குள்ள ஒரு கதை ஓடிக்கிட்டிருக்கு, கலீக் போற போக்குல அதுல கை வெச்சுட்டாரு. உங்க செகண்ட் இயர் பையனுக்கு ரியல் அனாலிசிஸ் கிளாஸ்ல நடக்கறதும் கிட்டத்தட்ட இதேதான், அவனுக்கு அதை லெட்டரா எழுதிப்போட ஒரு இடம் இல்ல, அவ்ளோதான் வித்தியாசம்.

கலீக்குக்குப் பதில் வேணும்னா ஹான்ஸ் ஃப்ராய்டெந்தால் பேரைச் சொல்லுங்க. டோபாலஜில (வடிவங்களைப் பத்தின கணிதப் பிரிவு) சஸ்பென்ஷன் தியரம்னு ஒண்ணு இருக்கே, அவரேதான். 1968ல "எஜுகேஷனல் ஸ்டடீஸ் இன் மேத்தமேடிக்ஸ்" ஜர்னலை ஆரம்பிச்சது அவர்தான், இன்னிக்கும் இந்தத் துறையில முன்வரிசையில இருக்கற ஜர்னல் அது. ஜெர்மன் கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் 1908லயே மேத்ஸ் டீச்சிங்குக்கான சர்வதேச கமிஷனுக்குத் தலைவரா இருந்தாரு. நம்ம ஊர்ல, சென்னை ஐஎம்எஸ்சில (கணித அறிவியல் நிறுவனம்) தியரட்டிகல் கம்ப்யூட்டர் சயின்ஸ் பண்ணின ஆர். ராமானுஜம் தலைமையிலதான் 2005 தேசிய பாடத்திட்ட வரைவுக்கான மேத்ஸ் குழு அறிக்கை வந்துச்சு, பிள்ளைங்களுக்கு மேத்ஸ்னா பயமும் தோல்வி உணர்வும் வர்றதை பெரிய பிரச்சினைகள்ல ஒண்ணா அதுல வெச்சாங்க. இவங்கள்ல யாரும் மேத்ஸை விட்டுட்டுப் போனதா யாரும் சொல்லல.

நீங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டிய ஆளு ஊரி ட்ரைஸ்மன். எழுபதுகள்ல கலிஃபோர்னியா பெர்க்லி யூனிவர்சிட்டில மேத்ஸ் கிராஜுவேட் ஸ்டூடன்ட். அங்க கால்குலஸ்ல கறுப்பின மாணவர்கள் நிறைய பேரு ஃபெயில் ஆனாங்க, ஏன்னு ஃபேகல்டிகிட்ட கேட்டா அச்சடிச்ச மாதிரி பதில் வருது, மோட்டிவேஷன் இல்ல, ஸ்கூல்ல அடிப்படை சரியில்ல, வீட்டுல சப்போர்ட் இல்ல, பணம் இல்ல. (நம்ம ஸ்டாஃப் ரூம்ல இதே லிஸ்ட்டை எத்தனை தடவை கேட்டிருப்பீங்க!) ட்ரைஸ்மன் அதை அப்படியே ஏத்துக்காம, 20 கறுப்பின மாணவர்கள், 20 சீன வம்சாவளி மாணவர்கள்னு எடுத்துக்கிட்டு, அவங்க நிஜமாவே எப்படிப் படிக்கறாங்கன்னு கூடவே இருந்து மாசக்கணக்கா பார்த்தாரு. ஃபேகல்டி சொன்ன காரணம் ஒண்ணுமே நிக்கல. ஃபெயில் ஆனவங்கள்ல ஸ்கூல் டாப்பர்ஸ் இருந்தாங்க, கஷ்டப்பட்டு மணிக்கணக்கா உக்காந்து படிச்சவங்க இருந்தாங்க. என்ன வித்தியாசம்னா கறுப்பின மாணவர்கள் தனியாப் படிச்சாங்க, சீன வம்சாவளி மாணவர்கள் முதல்ல தனியாப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் சேர்ந்து உக்காந்து ஒருத்தர் நோட்டை ஒருத்தர் திருத்தி, எங்க மாட்டிக்கிட்டோம்னு பேசிக்கிட்டாங்க. தனியாப் படிக்கறவனுக்கு ஒரு கணக்கு வரலன்னா அது கஷ்டமான கணக்கா, இல்ல தான்தான் மக்கான்னு கண்டுபிடிக்க வழியே இல்ல பாருங்க. அதுக்கப்புறம் அவர் ஆரம்பிச்ச வொர்க்‌ஷாப்ல ஸ்பெஷல் கோச்சிங், ரெமிடியல்னு எதுவும் வைக்கல, ரொம்பக் கஷ்டமான கணக்காக் குடுத்து சேர்ந்து போடச் சொன்னாரு. "நீ வீக், அதனால வா"ன்னு கூப்பிடாம "இது கஷ்டமானது, அதனால வா"ன்னு கூப்பிட்டாரு, என்னைக் கேட்டா பாதி வேலை அங்கயே முடிஞ்சுடுச்சு.

இப்போ அந்த ஐடென்டிட்டி விஷயத்துக்கு வர்றேன். நீங்க படிச்ச பேப்பர் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அர்த்தத்துல எழுதியிருக்கும், மேத்ஸ்காரங்களுக்கு எரிச்சல் வர்றது நியாயம்தான். ரெண்டு டெஃபனிஷன் போதும், அதுலேர்ந்து ஆரம்பிங்க. முதலாவது அன்னா ஸ்ஃபார்ட், அன்னா ப்ரூசாக் 2005ல குடுத்தது. அவங்க ரொம்ப துணிச்சலா, ஐடென்டிட்டிங்கறது ஒருத்தரைப் பத்தி சொல்லப்படற கதைதான், கதைக்குப் பின்னாடி தனியா ஒரு பொருள் ஒளிஞ்சு உக்காந்திருக்குன்னு தேடாதீங்கன்னுட்டாங்க. "அவன் டெஸ்ட்ல ஃபெயில் ஆயிட்டான்"ங்கறது நடந்த ஒரு சம்பவம், அது "அவன் மேத்ஸ்ல வீக்"னு மாறும்போது செஞ்சது போய் ஆளே அப்படித்தான்னு உறைஞ்சு போயிடுது. அதுலயும் இப்போ நான் யாருங்கற கதை ஒண்ணு, நான் யாரா ஆகணும்னு எதிர்பார்க்கப்படற கதை இன்னொண்ணு. இஸ்ரேல்ல ஒரு ஹைஸ்கூல் மேத்ஸ் வகுப்புல, பழைய சோவியத் நாடுகள்லேர்ந்து குடியேறி வந்த பசங்களையும் அங்கயே வளர்ந்த பசங்களையும் அவங்க ஒப்பிட்டுப் பார்த்தாங்க. குடியேறி வந்தவங்களுக்கு மேத்ஸ் நல்லாத் தெரியறதுங்கறது தான் ஆக வேண்டிய மனுஷனோட ஒரு பகுதி, அதனால பரீட்சைக்குத் தேவையோ இல்லையோ குடைஞ்சு குடைஞ்சு படிச்சாங்க. மத்தவங்களுக்கு அது அடுத்த படிக்குப் போக ஒரு டிக்கெட், டிக்கெட்டுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ படிச்சாங்க. நம்ம பிளஸ் டூ பத்தி இதுக்கு மேல நான் எதுவும் சொல்லத் தேவையில்லன்னு நினைக்கறேன்.

ரெண்டாவதுதான் உங்களுக்கு நேரடியா உதவும். பால் காப்பும் கூட ரெண்டு பேரும் 2009ல எழுதினது. ஒரு கிளாஸ்ல நல்ல ஸ்டூடன்ட்டா இருக்க என்னென்ன செய்யணும்னு எதிர்பார்ப்பு ஒண்ணு இருக்குல்ல, அது கிளாஸோட சொத்து, பையனோடது இல்ல. அந்த எதிர்பார்ப்பை பையன் தன்னோடதா எடுத்துக்கறானா, சும்மா ஒத்துழைச்சுட்டுப் போறானா, இல்ல எதிர்த்து நிக்கறானாங்கறதைத்தான் அவங்க பெர்சனல் ஐடென்டிட்டின்னு சொல்றாங்க. ஒரே பசங்க, ஒரே ஸ்கூல், அவங்களோட அல்ஜீப்ரா கிளாஸையும் ரிசர்ச்சுக்காக நடத்தின ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. அல்ஜீப்ரால டீச்சர் சொன்ன ஸ்டெப்பை சரியாப் போட்டா நல்ல ஸ்டூடன்ட், இன்னொண்ணுல ஏன் அப்படின்னு வாதாடத் தெரிஞ்சா நல்ல ஸ்டூடன்ட். அதே பையன் ரெண்டு கிளாஸ்ல ரெண்டு ஆளா இருந்தான். அப்போ "இவன் மேத்ஸ் பையனா இல்லையா"ங்கறது பையனை மட்டும் வெச்சு சொல்ற விஷயமே இல்ல, எந்த கிளாஸ்லங்கறதும் சேர்த்துத்தான் சொல்லணும். கிராஃப் பண்றவருக்கு இதை விளக்கணுமா, வெர்டெக்ஸை (புள்ளியை) மட்டும் பார்த்துக்கிட்டு எட்ஜை (கோட்டை) விட்டுட்டா என்ன மிச்சம்!

இதை உங்க ரியல் அனாலிசிஸ் கிளாஸ்ல வெச்சுப் பாருங்க. பிளஸ் டூ வரைக்கும் நல்ல ஸ்டூடன்ட்னா வேகமா, தப்பில்லாம, புக்ல இருக்கற மெத்தட்ல ஆன்சர் கொண்டு வர்றவன். எப்சிலான் டெல்டா (லிமிட்டைத் துல்லியமா நிரூபிக்கற முறை) வந்த அன்னிக்கு விதி மாறிடுச்சு, இப்போ நல்ல ஸ்டூடன்ட்னா ஒரு வரி எழுதிட்டு அது ஏன் உண்மைன்னு கேக்கறவன், அரை மணி நேரம் ஒண்ணும் வராம உக்காந்திருக்கப் பழகினவன். விதி மாறினதை யாருமே அவன்கிட்ட சொல்லல. அவன் பழைய விதிப்படி தன்னை அளந்து பார்க்கறான், வேகம் போயிடுச்சு, ஆன்சர் வரல, சரி நான் அந்த ஆள் இல்ல போலன்னு முடிவு பண்ணிக்கறான். நல்ல மார்க் எடுத்தவனே ஒதுங்கறான்னு நீங்க எழுதினதுல எனக்கு ஆச்சரியமே இல்ல, அந்தக் கதையில அதிகம் முதலீடு பண்ணினவன் அவன்தானே. உங்க காலேஜ்ல இதுதான் நடக்குதுன்னு நான் அடிச்சு சொல்லல, நீங்க போய்ப் பார்க்க வேண்டிய இடம் இதுன்னு சொல்றேன்.

சரி, நம்பறது எப்படி. ஆலன் ஷோன்ஃபெல்ட் 1973ல ஸ்டான்ஃபோர்ட்ல மேத்ஸ்ல பிஎச்டி வாங்கிட்டு இந்தப் பக்கம் வந்தவர், 2000ல அமெரிக்கன் மேத்தமேடிகல் சொசைட்டியோட "நோட்டிசஸ்" பத்திரிகைல உங்களை மாதிரி ஆளுங்களுக்காகவே ஒரு கட்டுரை எழுதினாரு, முதல்ல படிக்க வேண்டியது அதுதான். சாரம் என்னன்னா இங்க ப்ரூஃப்னு ஒண்ணு கிடையாது, சான்று சேர்ந்துகிட்டே போகும், ஒரு முடிவு பெரும்பாலும் ஒரு திசையைக் காட்டும், அதோட சரி. பத்துப் பேர் இன்டர்வியூ பேப்பர் "எல்லாருக்கும் இப்படி"ன்னு சொல்ல வரல, "இப்படியும் நடக்குது, நடக்கற விதம் இது"ன்னு காட்ட வருது. ஒரு எக்சிஸ்டன்ஸ் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வெச்சுக்கிட்டு யூனிவர்சல் ஸ்டேட்மென்ட்டா இல்லையேன்னு திட்டறது மேத்ஸ்காரர் பண்ற வேலையா?

அதுக்காக எண்ணிக்கை வெச்சு வர்ற பேப்பரை கண்ணை மூடிக்கிட்டு நம்பவும் வேண்டாம். 1999ல மார்கரெட் ஷி குழு ஒரு ஆய்வு போட்டாங்க, ஆசிய அமெரிக்கப் பெண்கள்கிட்ட மேத்ஸ் டெஸ்ட்டுக்கு முன்னாடி ஆசியர்ங்கறதை ஞாபகப்படுத்தினா நல்லாப் பண்றாங்க, பெண்ணுங்கறதை ஞாபகப்படுத்தினா குறையுதுன்னு. கேக்க எவ்ளோ அழகா இருக்கு, ட்ரெய்னிங் ப்ரோக்ராம்ல ஸ்லைடு போட்டு சொல்லலாம். ஆனா அதைத் திரும்பச் செஞ்சு பார்த்தவங்களுக்கு ஒரே மாதிரி முடிவு வரல, இதே வகை பாதிப்பு இருக்கான்னு நெதர்லாந்துல ரெண்டாயிரத்துக்கும் மேல ஸ்கூல் பிள்ளைங்களை வெச்சு, மெத்தட் எல்லாம் முன்கூட்டியே பதிவு பண்ணி 2018ல வெளியிட்ட ஆய்வுல பாதிப்பு எதுவும் தெரியல. அதே நேரம் அமெரிக்கால கால்குலஸ் ஒண்ணு முடிச்ச பொண்ணுங்க அடுத்த கால்குலஸ் எடுக்காம விலகற வாய்ப்பு ஆண்களை விட ஒன்றரை மடங்குன்னு 2016ல ஒரு பெரிய சர்வே சொல்லுச்சு, திறமை குறைஞ்சதால இல்ல, தன்னம்பிக்கை குறைஞ்சது காரணமா இருக்கலாம்னு. இதை நான் கொஞ்சம் கூடுதலா நம்பறேன், ஏன்னா நிஜ கிளாஸ்ல யாரு இருந்தாங்க யாரு போனாங்கன்னு எண்ணினது.

இன்னொண்ணு, நிறைய பேப்பர்ல ஆராய்ச்சியாளர் நான் யாரு, எங்கேர்ந்து வர்றேன்னு ஒரு பாரா எழுதியிருப்பாங்க. படிச்சுட்டு சிரிச்சிருப்பீங்க, ப்ரூஃப்ல எழுதினவன் யாருன்னா என்னன்னு. இங்க அது கருவியோட அளவுத்திருத்தம் சார். நீங்க மேத்ஸ்ல ஜெயிச்ச ஆளு, "மேத்ஸ் செட் ஆகாது"ன்னு ஒருத்தன் சொன்னா அது உங்களுக்கு சாக்கு மாதிரிதான் கேக்கும். லியோன் பர்ட்டன் 70 மேத்ஸ் ஆராய்ச்சியாளர்களை, 35 ஆண் 35 பெண், இன்டர்வியூ எடுத்தாங்க. அவங்க தங்களோட வேலையைப் பத்தி சொன்னது சேர்ந்து வேலை செய்யறது, உள்ளுணர்வு, அழகு, மாட்டிக்கிட்டு கிடக்கறது இதெல்லாம். கிளாஸ்ல நாம காட்டறது பிசிறில்லாத ஃபைனல் ப்ரூஃப் மட்டும். நம்மளும் மாட்டிக்கிட்டு கிடப்போம்ங்கறதே பசங்களுக்குத் தெரியாது.

நடைமுறைக்கு வர்றேன். நேரா இன்டர்வியூ எடுக்கப் போயிடாதீங்க, இன்டர்னல் மார்க் போடறவர்கிட்ட எந்தப் பையன் உண்மை பேசுவான்? வேற டிபார்ட்மென்ட் ஆளை வெச்சு, ரிசல்ட் வந்தப்புறம், காலேஜ் எத்திக்ஸ் கமிட்டி இருந்தா அனுமதி வாங்கி, பசங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிட்டு எடுங்க. அதுக்கு முன்னாடி இந்த செமஸ்டர்ல செலவில்லாத வேலை ஒண்ணு, ஃபர்ஸ்ட் இயர் முதல் வாரத்துல "இந்த கிளாஸ்ல நல்ல ஸ்டூடன்ட்னா யாரு"ன்னு ஒரு பக்கம் பேர் போடாம எழுதச் சொல்லுங்க, அனாலிசிஸ் ஓடும்போது செகண்ட் இயர்லயும் இதே கேள்வியைக் குடுங்க, ரெண்டு கட்டையும் பக்கத்துல வெச்சுப் படிங்க. நீங்களும் ஒரு பக்கம் எழுதி தனியா வெச்சுக்கோங்க. கூட வேலை செய்ய ஆள் வேணும்னா மும்பைல டிஐஎஃப்ஆரோட (டாடா ஆராய்ச்சி நிறுவனம்) ஹோமி பாபா சென்டர்ல இதுக்குன்னே ஆராய்ச்சியாளர்கள் இருக்காங்க, மெயில் போட்டுப் பாருங்க. ப்ரமோஷன் கவலை இருந்தா கிராஃப் லேபிளிங் பேப்பரையும் ஒரு பக்கம் ஓட்டிக்கிட்டே இருங்க, ரெண்டும் பண்ணக்கூடாதுன்னு யாரும் சட்டம் போடல.