பேரன் கேட்ட பிறந்த நேரம்

கடிதம்

ஆலோசகர் அம்மாவுக்கு வணக்கம்.

எனக்கு வயது 71. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஊரில் 'பஞ்சாங்கக்காரர் வீடு' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். என் தாத்தா சோழி பரப்பிக் கிரகணம் கணித்தவர். ஒன்பது வயதில் அப்பா என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, சந்திர வாக்கியங்கள் 248ஐயும் மனப்பாடம் செய்ய வைத்தார். முதல் வாக்கியம் 'கீர்ந: ச்ரேய:'. அந்த எழுத்துகளை எண்ணாக்கினால் 12 பாகை 3 கலை, அதாவது முதல் நாள் சந்திரன் கடக்கும் தூரம். இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் 248ஐயும் சொல்வேன். சித்திரை முதல் நாள் எங்கள் ஊர்ச் சிவன் கோவிலில் 40 வருடமாகப் பஞ்சாங்கம் வாசிப்பவன் நான்தான்.

பிரச்சினை என் பேரன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். கெட்டிக்காரன்தான், ஆனால் வாயை அடக்கத் தெரியாது. இந்த வருடம், 2025 சித்திரையில், விசுவாவசு ஆண்டுப் பலனை நான் வாசித்துக்கொண்டிருந்தேன். சனி கும்பத்தில் என்று சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்திலிருந்து, "தாத்தா, மார்ச் 29ஆம் தேதியே சனி மீனத்துக்குப் போயாச்சுன்னு டிவியில சொன்னாங்களே? சனி ஒண்ணுதானே இருக்கு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அது இன்றைய வானியல் கணக்குப்படி போடுகிற திருக்கணிதப் பஞ்சாங்கம், நம்முடையது பழைய வாக்கியங்களை வைத்துப் போடுகிற வாக்கியப் பஞ்சாங்கம், திருநள்ளாற்றிலேயே பெயர்ச்சி 2026இல்தான் என்று விளக்கினேன். அதற்கு அவன், "அப்ப வானத்துல சனி எங்க இருக்கு?" என்றான். குருக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் கவனித்தேன். 40 வருட மரியாதை ஒரு நிமிடத்தில் போயிற்று.

இதற்கெல்லாம் காரணம் மருமகள். பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஒரு சின்னத் தொலைநோக்கியை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். செப்டம்பர் 7ஆம் தேதி முழுச் சந்திர கிரகணம். வீட்டில் சமைத்ததையெல்லாம் தர்ப்பை போட்டு மூடி வைத்திருக்கிறோம், இவன் மொட்டை மாடியில் உட்கார்ந்து கடலை மிட்டாய் தின்கிறான்! பஞ்சாங்கத்தில் போட்டபடி 9:57க்குச் சரியாகப் பிடித்தது பார் என்றேன். "அந்த நேரம் மட்டும் திருக்கணிதத்துல இருந்து எடுத்ததுதானே தாத்தா?" என்கிறான். கிரகணத்துக்கு எங்கள் ஆட்களும் அந்தக் கணக்கைத்தான் எடுப்பார்கள், உண்மைதான். ஆனால் அதை ஒரு பொடியன் சொல்லி நான் கேட்க வேண்டுமா?

மகனிடம் சொன்னால் சிரிக்கிறான். மருமகள், "கேள்வி கேட்கிற பிள்ளைதான் மாமா முன்னுக்கு வரும்" என்கிறாள். நாங்கள் கேள்வி கேட்காமலா கற்றுக்கொண்டோம்? கேட்பதற்கு ஒரு முறை இல்லையா? சபையில் பெரியவர்களை அவமானப்படுத்துவதா அறிவு?

செல்போனில் வானத்தைக் காட்டுகிற ஒரு ஆப் வைத்திருக்கிறான். எந்த வருடம், எந்தத் தேதி போட்டாலும் அன்றைய வானம் வருகிறது. நான் பிறந்த நாள், காந்தி சுடப்பட்ட நாள் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கிறான். போன வாரம் அவன் அத்தையின் பிறந்த தேதியும் நேரமும் கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டேன். என் மூத்த மகள் 1982இல், ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்கும் சந்தியில் பிறந்தவள். வாக்கியப்படி மூலம் முதல் பாதம், திருக்கணிதப்படி கேட்டை நாலாம் பாதம். 2008இல் மன்னார்குடியிலிருந்து நல்ல வரன் வந்தது. அவர்கள் திருக்கணிதம் பார்ப்பவர்கள், கேட்டை என்றால் மூத்த மைத்துனருக்குத்தான் ஆகாது, எங்கள் பையனே மூத்தவன், ஒன்றுமில்லை என்றார்கள். பெண் மூலம், மாமனாருக்கு ஆகாது, பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது என்று நான்தான் சொன்னேன். வாக்கியத்தில் இருப்பதை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது. அது தட்டிப் போயிற்று. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரிப்பா" என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எதுவும் அமையவில்லை. திருச்சியில் வங்கியில் இருக்கிறாள். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிடுவாள், பேரனுக்கு அத்தை என்றால் உயிர். அது வேறு கதை, விடுங்கள்.

நான் கேட்பது, இந்தப் பிள்ளை இப்படியே போனால் என்ன ஆவான்? நம்பிக்கை என்று ஒன்று இல்லாமல் மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு வாழ்வது? ஒரு நாள் ராத்திரி அவன் தூங்கிய பிறகு நானும் அந்தக் குழாயில் சனியைப் பார்த்தேன், பொய் சொல்வானேன். வளையம் ஒரு கோடு மாதிரி இருந்தது. அதனால் கணக்கு பொய்யாகிவிடுமா? அவனுக்குக் கவுன்சலிங் கொடுத்தால் சரியாகுமா?

பதில்

அன்புள்ள ஐயா,

பேரன் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சின்ன விஷயம். அவனுக்குக் கவுன்சலிங் தேவையில்லை. கோவிலில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்க வேண்டாம், அதை அவனிடம் சொல்லுங்கள். "வீட்டுக்கு வா, விளக்கமாச் சொல்றேன்" என்று சொல்லி, விளக்கமாகச் சொல்லவும் வேண்டும். கடலை மிட்டாயை மன்னித்துவிடலாம்.

இனி உங்கள் விஷயம். கடிதம் முழுக்கச் சனி எங்கே இருக்கிறார் என்றுதான் இருக்கிறது. உங்கள் மகள் நடுவில் ஒரு பத்தியில் வந்து, 'அது வேறு கதை, விடுங்கள்' என்பதோடு போய்விடுகிறார். என்னால் விட முடியவில்லை. எனக்கு அந்த ஒரு கதைதான் கடிதமாகத் தெரிகிறது.

248 வாக்கியங்களைத் தூக்கத்தில் சொல்கிற ஒருவர், பெற்ற பெண் பிறந்த நேரம் தெரியாது என்று பேரனிடம் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அது நாழிகை விநாடி சுத்தமாகத் தெரியும். அவன் அதைச் செல்போனில் போட்டால் சந்திரன் எங்கே நிற்கும் என்பதும் தெரியும். மன்னார்குடிக்காரர்கள் 2008லேயே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு நீங்களே ஒரு தடவையாவது உட்கார்ந்து போட்டுப் பார்த்திருப்பீர்கள் என்பது என் ஊகம். பேரன் தூங்கிய பிறகு மாடியேறிச் சனியைப் பார்த்தவர், இதைப் பார்க்காமலா விட்டிருப்பார்? தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

ஆக, உங்களுக்குத் தெரியாத எதையும் அந்தப் பையன் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஒரு சனிக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டிருக்கும்போது, "அத்தை, நீங்க பொறந்தப்ப சந்திரன் கேட்டையிலதான் இருந்துச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிடுவானோ என்பதுதான் உங்கள் பயம். அவர் நிமிர்ந்து உங்களைப் பார்ப்பாரே, அந்த ஒரு பார்வைக்காகத்தான் ஆறு மாதமாகச் சனியோடு சண்டை.

நம்பிக்கை இல்லாமல் எதைப் பிடித்துக்கொண்டு வாழ்வது என்று கேட்கிறீர்கள். உங்கள் நம்பிக்கையை நான் பிடுங்க வரவில்லை. ஆனால் அது உங்கள் வீட்டில் இப்போது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். 'கணக்கு சரி' என்றிருக்கும்வரை 2008இல் நீங்கள் செய்ததும் சரி. கணக்கு ஒரு பாகை ஆடினால் அதுவும் ஆடும். அதனால்தான் பேரன் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும், அவன் எங்கேயோ வானத்தைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் வீட்டுக்குள்ளே வந்து விழுகிறது.

கணக்கு ஆடுவது உங்கள் பரம்பரைக்குப் புதிதா என்ன? சந்திர வாக்கியங்களைத் திருத்தி இன்னும் நுட்பமாக்கியவர் கேரளத்து மாதவர். அவருடைய மாணவர் பரமேஸ்வரர் 55 வருடம் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய கணக்கு எங்கே பிசகுகிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார். அந்த அனுபவத்தில் 1431இல் அவர் எழுதிய நூலின் பெயரே திருக்கணிதம்தான். அதிலுள்ள 'திருக்' மரியாதைக்குப் போடுகிற திரு இல்லை, 'பார்வை' என்று அர்த்தம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் கடலை மிட்டாயோடு உட்கார்ந்திருந்தவன் அந்த வழியில் வந்தவன்தான், தர்ப்பை ஒன்றுதான் குறைச்சல்.

உங்கள் தாத்தாவின் சோழியைப் பற்றியும் ஒன்று. 1825இல் ஜான் வாரன் என்ற அதிகாரி பார்த்துக்கொண்டிருக்க, ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழி பரப்பி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களை மட்டும் வைத்து, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் தொடக்கம் வெறும் 4 நிமிடம் பிசகு. முடிவு 52 நிமிடம் பிசகு. முதலில் படித்தபோது அந்த 4 நிமிடத்தில் எனக்குப் புல்லரித்தது. 52 நிமிடம் பிழைதான், அதை எப்படியும் பூசி மெழுக முடியாது. இரண்டும் ஒரே மனிதர், ஒரே உட்காரலில் செய்தது.

இப்போது கொஞ்சம் கடுமையாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பெண்ணின் நட்சத்திரம் மாமனாரைக் கொல்லும் என்பதை நான் நம்பவில்லை. மூல நட்சத்திரம் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் இந்த அறையில் என் எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். பிறந்த நேரத்தையே மாற்றி வேறு ஜாதகம் எழுதிக்கொண்டு அலைகிற பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைச் செய்யவில்லை. பெண்ணின் கல்யாணமே நின்றாலும் சரி, வாக்கியத்தை மாற்றிச் சொல்ல மாட்டேன் என்று நின்றிருக்கிறீர்கள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நேர்மைக்கான விலையைக் கொடுத்தது நீங்களா? மன்னார்குடிக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். பையனின் அப்பாவே தன் உயிருக்குப் பயப்படவில்லை. வேண்டாம் என்றது சந்திரனும் இல்லை, வாக்கியமும் இல்லை. நீங்கள்.

அன்று ஒரு பாதத்துக்காகக்கூடப் பொய் சொல்லாதவர், இன்று ஒரு பதின்மூன்று வயதுப் பையனிடம் 'தெரியாது' என்கிறார். இது உங்களை உறுத்துகிறது. உறுத்தாவிட்டால் கடிதத்தில் எழுதியிருக்க மாட்டீர்கள்.

இதற்காக உடனே "என் பெண் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். அதுவும் அவரைக் கேட்காமல் நீங்களாகப் போடுகிற கணக்குதான். 43 வயதில், தன் சம்பளத்தில், ஒரு ஊரில் தனியாக நின்று வாழ்கிறவர். மாதம் இரண்டு தடவை பஸ் பிடித்து உங்களைப் பார்க்க வருகிறார். அந்த வாழ்க்கை அவருக்கு எப்படி இருக்கிறது? வருத்தமா, நிம்மதியா, இரண்டும் கலந்தா? உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. அவர் பிறந்த நேரத்தில் சந்திரன் எங்கே இருந்தது என்பதற்கு இரண்டு விடைகள் வைத்திருக்கிறீர்கள். அன்று வெங்காயம் உரித்த பெண் எங்கே இருந்தார் என்பதற்கு உங்களிடம் இருப்பது 'சரிப்பா' ஒன்றுதான். 17 வருடம் அந்த ஒரு சொல்லைத் திருப்பிப் பார்க்காமலே வைத்திருக்கிறீர்கள். அன்று "உனக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டிருக்கலாம், இப்போதும் கேட்கலாம். பேரனுக்கு வானத்தின் மேல் இருக்கிற ஆர்வத்தில் கால்வாசி உங்களுக்கு மகளின் மேல் இருந்திருந்தால், இந்தக் கடிதம் எனக்கு வந்திருக்காது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. செல்போன் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். இரண்டு கணக்கையும், அன்று நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டீர்கள் என்பதையும், இன்று அது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதையும். அவர் கோபப்படலாம், அழலாம். "எல்லாம் எனக்கு அப்பவே தெரியும்ப்பா" என்றும் சொல்லலாம். எதுவானாலும் நடுவில் பதில் சொல்லாமல் கேளுங்கள், வாக்கியத்துக்கு வக்காலத்து வேண்டாம். பிறந்த நேரத்தைப் பேரனுக்குக் கொடுக்கலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும், அது அவருடைய நேரம்.

ஒன்பதரைக்கு வந்துவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம், அதில் இந்தப் பேச்சை எடுக்க உங்களுக்கு மனசு வராது. சரி, அதுவரை அவர் காபி குடித்து, பேரனோடு கொஞ்ச நேரம் விளையாடட்டும். பத்தரைக்குக் கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வையுங்கள். அதற்கு மேல் வேறு நேரம் பார்க்காதீர்கள்.