அபிஷேகம் பெற்றவரிடம் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி: பல வருடமாக, எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராத ஒரு தனிச் சபைக்குப் போகிறோம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாஸ்டர் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் நாங்கள் தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) குறைத்ததை ஆராதனையில் ஜாடையாகக் குத்திக் காட்டினார். கேட்கப் போனால், "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே, நாளைக்கு உன் கல்யாணத்தை யார் நடத்துவார்?" என்று அம்மா வாயை அடைக்கிறார். என்ன செய்ய?
- ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அம்மா சொல்லும் வசனம் 105ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. யாரிடம் சொன்னது என்று பாருங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று ஊர் ஊராய் அலைந்த கொஞ்சப் பேரைத் தொடாதே என்று ராஜாக்களை அதட்டும் இடம் அது. நாதியற்ற பரதேசிகளுக்காகச் சொன்னதை, மைக் பிடித்திருப்பவர் மைக் இல்லாதவர்களிடம் எடுத்துவிடுவது நல்ல வேடிக்கை!

அடுத்து சவுல் கதைக்கு வருவார்கள். தன்னைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜாவை, அபிஷேகம் பெற்றவர் என்பதற்காகத் தாவீது கொல்லவில்லை, சரி. ஆனால் குகையை விட்டு வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் காட்டி, சத்தமாகவே நியாயம் கேட்டான். அதே தாவீது ராஜாவாகித் தப்புச் செய்தபோது, தீர்க்கதரிசி நாத்தான் நேரே போய் "நீயே அந்த மனுஷன்" என்றான். அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததைப் பவுலே கலாத்தியருக்கு எழுதியிருக்கிறார். இவர்கள் எல்லாம் அபிஷேகத்தைத் தொட்ட பாவிகளா?

உங்களிடமும் ஒரு கேள்வி. அப்பா அட்மிட் ஆனதைப் பாஸ்டரிடம் சொன்னீர்களா? வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை வரவழைக்கட்டும் என்றுதான் யாக்கோபு நிருபம் சொல்கிறது. வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிட்டுக் காத்திருந்தால், அந்தக் குறையை அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. சொல்லியும் வரவில்லை என்றால் அவர் மேய்ப்பர் இல்லை, வெறும் பேச்சாளர். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிற பேச்சாளர்.

நான் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) வளர்ந்தவன். அங்கே ஆயருக்கு மாற்றல் வரும். காணிக்கைக் கணக்கு பாஸ்டரேட் கமிட்டிக்கு, அதாவது சபையின் நிர்வாகக் குழுவுக்குப் போகும். அதனால் எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. பேராயச் சண்டைகள் உயர் நீதிமன்றம் வரை போவது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கேள்வி கேட்க ஒரு மேஜையாவது உண்டு. தனிச் சபைகள் பலவற்றில் பாஸ்டரும் அவர் வீட்டாரும்தான் டிரஸ்ட். உங்கள் சபையில் எப்படி என்று விசாரியுங்கள். ஆராதனை நடுவே வேண்டாம். வார நாளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பாவைப் பார்க்க ஏன் வரவில்லை, வருடக் கணக்கை யாரிடம் காட்டுகிறீர்கள் என்று மரியாதையாகவே கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு சபை பாருங்கள். சென்னையில் சபைக்கா பஞ்சம்?

அப்புறம் அந்தக் கல்யாண பயம். 1872ஆம் வருடத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, இப்படிப்பட்ட தனிச் சபைப் பாஸ்டர் கல்யாணம் நடத்த அரசு லைசென்ஸ் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் பண்ணுகிற எல்லோரிடமும் அது இருக்காது. உங்கள் பாஸ்டரிடம் இருக்கிறதா என்று அம்மாவையே கேட்கச் சொல்லுங்கள்.