பொறியியல் படித்தவர் வழக்கறிஞர் ஆகலாமா?

கேள்வி: இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று, ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் வடிவமைப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். சட்டம் படித்து வழக்கறிஞராக விரும்புகிறேன். படித்த படிப்பும் பெற்ற அனுபவமும் வீணாகிவிடும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– வாசகி ஒருவர், ஓசூர்

பதில்: வீணாகாது. ஓர் இயந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கொண்டே தீர்ப்பு அமையும் வழக்குகளை நீங்கள் நாடுவீர்களானால், வடிவமைப்புப் பிரிவில் கழித்த ஆண்டுகளே உங்கள் பெரிய பலமாக இருக்கும்.

உங்களுக்கு எளிதில் விளங்கும் வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். சிறிய எஞ்சினின் சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளைப் பொருத்துவதற்குத் தான் பெற்ற காப்புரிமையை (பேடன்ட்), மூன்று வால்வுகள் கொண்ட டிவிஎஸ் ஃபிளேம் வண்டியின் எஞ்சின் மீறுவதாக பஜாஜ் நிறுவனம் கூறியதால் எழுந்த பிணக்கு, 2007இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தனி நீதிபதி 2008இல் விதித்த இடைக்காலத் தடையை, 2009இல் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. இரண்டு பிளக்குகள் இருப்பதே கண்டுபிடிப்பா, வால்வுகளின் எண்ணிக்கை மாறினால் பொருளும் மாறிவிடுமா, முந்தைய காப்புரிமைகளில் இது ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் அங்கே வாதிட நேர்ந்தது. எஞ்சின் வரைபடத்தைப் படிக்கத் தெரியாத வழக்கறிஞர், தம் தரப்பு நிபுணர் எழுதித் தந்ததை எடுத்துரைக்கலாம். எதிர்த்தரப்பு நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்வதுதான் அவருக்குக் கடினம்.

வேலையை விடுவதற்கு முன்பே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 126ஆம் பிரிவின்படி, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்ற 21 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் தகுதித் தேர்வில் தேறிக் காப்புரிமை முகவராகப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. விண்ணப்பத்தின் விவரக்குறிப்பை எழுதுவது, கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகம் எழுப்பும் ஆட்சேபங்களுக்குப் பதிலளிப்பது ஆகியவை முகவரின் பணிகள். இந்தப் பணி உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள் என்பதே என் அழுத்தமான யோசனை. ஆனால் மீறல் வழக்கில் நீதிமன்றத்தில் வாதாட, நீங்கள் வழக்கறிஞராகத்தான் வேண்டும். அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின் அதன் வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்துவிட்டன. சென்னை உயர் நீதிமன்றத்திலும் இவற்றுக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது.

பட்டதாரிகளுக்கான மூன்றாண்டுச் சட்டப் படிப்பை நேரடி வகுப்பில்தான் படிக்க வேண்டும். அஞ்சல்வழிப் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகப் பதிவு செய்ய இயலாது. வழக்கறிஞராகத் தொழில் செய்பவர் முழுநேரச் சம்பளப் பணியிலும் இருக்கலாகாது என்பது பார் கவுன்சில் விதி. ஆகவே, படிக்கும் மூன்றாண்டுகளுக்கும், இளம் வழக்கறிஞராக வருமானம் குறைந்திருக்கும் தொடக்க காலத்துக்கும் வேண்டிய பணத்தைச் சேர்த்துக்கொண்டு வேலையை விடுங்கள். வீட்டாரின் அச்சத்தில் நியாயமான பகுதி இதுதான்.

கேள்வி: நான் கட்டுமானப் பொறியாளர். காப்புரிமையில் ஆர்வமில்லை. எனக்கும் சட்டத்துறையில் இடமுண்டா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: நிச்சயம் உண்டு. ஒப்பந்ததாரருக்கும் வேலை கொடுத்தவருக்கும் இடையிலான பிணக்குகள் பெரும்பாலும் 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டப்படி விசாரிக்கப்படுகின்றன. கூடுதல் வேலைக்கான பணம், காலதாமதத்துக்கான இழப்பீடு போன்ற கோரிக்கைகளை மெய்ப்பிக்க, செய்து முடித்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் அளவுப் புத்தகத்தையும் பணித்தளப் பதிவேடுகளையும் வரிக்கு வரி படித்துப் பொருள் சொல்ல வேண்டும். பணித்தளத்தில் அவற்றைத் தாமே எழுதிப் பழகிய ஒருவருக்கு, எந்தப் பதிவு நம்பத்தக்கது, எது பின்னர் சேர்க்கப்பட்டது என்பது விரைவில் புலப்படும்.