Re: எச்-ஆல்ஃபாவும் எச்-பீட்டாவும் வேறு வேறு அடர்த்தி காட்டுகின்றன

எஃகு மேல் லேசர் அடித்து எழுப்பிய பிளாஸ்மா. அதன் ஒளியில் ஹைட்ரஜனின் இரு கோடுகளான எச்-ஆல்ஃபா (சிவப்பு), எச்-பீட்டா (நீலப்பச்சை) ஆகியவற்றின் அகலத்திலிருந்து எலக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட்டிருக்கிறீர்கள். எச்-பீட்டா அகலம் 3.0 நானோமீட்டர், ஆல்ஃபா 1.5, அடர்த்தியில் மூன்று மடங்கு வித்தியாசம் என்கிறீர்கள். பீட்டாவை நம்புங்கள்.

அயனிகளின் மின்புலம் அடர்த்தியின் 2/3 அடுக்கில் ஏறும், கன செ.மீ.க்கு 10¹⁷ என்றால் மீட்டருக்குச் சுமார் 80 லட்சம் வோல்ட். ஹைட்ரஜனில் ஸ்டார்க் விளைவு (மின்புலத்தால் நிறமாலைக் கோடு பிளவது) புலத்துக்கு நேர்விகிதமானது என்பதால் கோடு அப்படியே விரியும். பீட்டாவின் அரை உயர அகலம் (உச்சியின் பாதி உயரத்தில் அளந்த அகலம்) அந்த 10¹⁷ அடர்த்தியில் 4.8 நானோமீட்டர், அது அடர்த்தியின் 0.68 அடுக்கில் ஏறும். உங்கள் 3.0-க்கு 5×10¹⁶ வரும். அதற்கு ஆல்ஃபா 0.7 அளவில்தான் இருக்க வேண்டும். மிச்ச அகலம் பெரும்பாலும் தன்னுறிஞ்சல்: பிளாஸ்மாவின் வெளி அடுக்கு கோட்டின் நடுப்பகுதி ஒளியை விழுங்க, உச்சி தட்டையாகிறது. சோதிக்க, பிளாஸ்மாவுக்குப் பின்னால் ஒரு குழியாடி வைத்துப் பாருங்கள். கோட்டின் நடுப்பகுதி ஓரங்களைவிடக் குறைவாக ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

பீட்டாவிலும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மின்புலத்தில் பிளவுபடும்போது இடம் நகராமல் நடுவிலேயே நிற்கும் கூறு அதற்குக் கிடையாது, உச்சியில் பள்ளம் விழும். அதைப் பார்த்துத் தன்னுறிஞ்சல் என்று பயந்துவிடாதீர்கள். 487.1, 489.1, 492.0-இல் எஃகின் இரும்புக் கோடுகள் பீட்டாவின் சிறகில் (கோட்டின் சரியும் ஓரப்பகுதியில்) ஏறி நிற்கும். அவற்றை மறைத்துவிட்டு, இருபுறமும் 15 நானோமீட்டராவது எடுத்துப் பொருத்துங்கள். குறுகிய அலைநீளச் சாளரத்தில் சிறகையே அடித்தளம் என்று எடுத்துக்கொண்டு, அகலம் குறைந்துவிடும். டாப்ளர் அகலம் (அணுக்களின் வெப்ப இயக்கத்தால் வருவது) 10,000 கெல்வினில் வெறும் 0.035 நானோமீட்டர், கண்டுகொள்ள வேண்டாம். நிறமாலைமானி தானே சேர்க்கும் கருவி அகலத்தை மட்டும் காஸியனாக (மணி வடிவ வளைவாக) நிலைநிறுத்தி, வோய்ட் வளைவை (காஸியனும் லொரென்ட்ஸியனும் கலந்தது) பொருத்துங்கள்.

கேட் தாமதம் (லேசர் அடித்து எவ்வளவு நேரம் கழித்துக் கேமரா திறக்கிறது) என்ன என்று எழுதவில்லையே? கேமரா திறந்திருக்கும் நேரம் நீளமாக இருந்தால் இரண்டு கோடும் வேறு வேறு நேரத்தைத்தான் சொல்லும்.