கண்மாய் வற்றிய நாளை விரித்து எழுதுங்கள்

கேள்வி: 1940களில் காரைக்குடிக்கு அருகே ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்தில் மாடு மேய்த்து வளர்ந்த என் தாத்தாவின் இளமைப் பருவத்தை நாவலாக எழுதி வருகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை இத்துடன் அனுப்பியுள்ளேன். படித்த நண்பர்கள் பாடப்புத்தகம் போல இருப்பதாகச் சொல்கிறார்கள். வரலாற்றைக் குறைத்துவிடலாமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வரலாற்றைக் குறைக்க வேண்டாம். அது எந்த வழியாக அந்தப் பையனிடம் வந்து சேர்ந்தது என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

இரண்டாம் அத்தியாயத்தில், 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்ததையும், 1942 மார்ச்சில் அந்நகரம் ஜப்பானியர் கைக்குப் போனதையும் நான்கு பக்கங்களில் விவரித்துள்ளீர்கள். தகவல்கள் சரியானவையே. ஆனால் உங்கள் கதாநாயகனுக்குப் பத்து வயது. அவன் வீட்டில் செய்தித்தாள் இல்லை. செட்டியார் வீட்டுக்குப் பர்மாவிலிருந்து கடிதமும் பணமும் வருவது நின்றுபோனதும், கடையில் ரங்கூன் அரிசி காணாமல் போனதும், பழைய சோறு இருந்த சட்டியில் கேழ்வரகுக் கூழ் மட்டும் மிஞ்சியதும்தான் அவனுக்குத் தெரிந்த யுத்தம். ஜப்பான் என்ற பெயரை அவன் கடைசிவரை தவறாகவே உச்சரித்தாலும் நாவலுக்குக் குறையொன்றும் வராது.

அதே குறைதான் வீட்டு வர்ணனையிலும் தெரிகிறது. முகப்பையும், வளவு எனும் உள்முற்றத்தையும், பர்மாத் தேக்குத் தூண்களையும் ஒன்றரைப் பக்கத்துக்கு அழகாக எழுதியிருக்கிறீர்கள். வைக்கோல் கட்டுடன் வந்த அந்தப் பையன் முகப்பு வழியாகவா உள்ளே போனான்? செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை; அவன் நின்றது அந்த அடுத்த தெருவில், பின்கட்டு வாசலில். அங்கிருந்து அடுப்படிப் புகையும், ஆச்சியின் குரலும், கழுவக் கிடக்கும் பித்தளைப் பாத்திரங்களும் தெரியும். தூணை அவன் கண்ணில் காட்டியே ஆகவேண்டுமென்றால், ஒரு கல்யாண நாளில், திறந்த கதவுகளின் வரிசையினூடே தொலைவில் காட்டுங்கள்.

சிறு பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். 1943இல் யாரும் கிலோக் கணக்கில் அரிசி வாங்கவில்லை, படியும் மரக்காலும்தான். காசு அணாவிலும் பைசாவிலும் இருந்தது. நயா பைசா 1957இல் வந்தது. சிவகங்கை மாவட்டம் 1985இல் உருவானது, உங்கள் கதை நடப்பது இராமநாதபுரம் மாவட்டத்தில். பையன் தன் தந்தையை 'அப்பச்சி' என்று அழைப்பதும் உறுத்துகிறது. அது நகரத்தார் எனப்படும் செட்டியார் வீட்டுச் சொல். உங்கள் குடும்பத்தில் என்ன சொன்னார்களோ அதையே போடுங்கள்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமான இடம். மூன்றாம் அத்தியாயத்தின் நடுவில், 'அவ்வாண்டு மழை பொய்த்ததால் மார்கழியிலேயே கண்மாய் வற்றியது. ஊரார் மீன் பிடித்தனர்' என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். உங்கள் நாவல் முழுவதும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது. வழக்கமாக அறுவடை முடிந்து, பங்குனி சித்திரையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய பிறகே ஊர் கூடி ஊத்தா எனும் மீன்பிடிக் கூடையோடு இறங்கும். மார்கழியில் கண்மாய் வற்றினால், மடைக்குக் கீழே பால் பிடித்து நிற்கும் நெல் கருகப் போகிறது என்று பொருள். சேற்றுக்குள் விரால் தேடி, ஒன்று கையில் அகப்பட்டதும் கூச்சலிடும் பையனுக்கு அது ஆண்டிலேயே மகிழ்ச்சியான நாள். கரைமேல் துண்டைத் தோளில் போட்டபடி பேசாமல் நிற்கும் அவன் தந்தைக்கு அந்த ஆண்டே முடிந்துபோன நாள். இருவரையும் ஒரே காட்சியில் வைத்து, எவருடைய மனத்தையும் விளக்காமல் பத்துப் பக்கம் எழுதுங்கள். பஞ்சம் என்ற சொல்லே அங்கே தேவைப்படாது. வறுமைக் கதை என்றவுடன் பையனை எந்நேரமும் அழவைக்கும் பழக்கம் நம் எழுத்தாளர்களுக்கு உண்டு (நானும் என் முதல் கதைகளில் அதைத்தான் செய்தேன்). உங்கள் தாத்தா அப்படியா வளர்ந்திருப்பார்?

அவருடைய தம்பி இன்னும் ஊரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் போய், 'அந்தக் காலத்தில் எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்?' என்று கேட்டால், எல்லோரிடமும் சொல்லிப் பழகிய பதிலையே உங்களுக்கும் சொல்வார். அன்று பிடித்த மீன் எத்தனை நாளுக்கு வந்தது, கருவாடு போட உப்பு எங்கே கிடைத்தது, அன்றிரவு அப்பா சாப்பிட்டாரா என்று கேளுங்கள். பதிலை எழுதிக்கொண்ட பிறகு மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் எனக்கு மறுபடி அனுப்புங்கள்.