ஹப்ஜோன் சான்றிதழுக்கு 4,500 டாலரா? காசை எடுத்து உள்ளே வையுங்கள்

கேள்வி: அமெரிக்காவில், மேரிலாந்தின் எலிகாட் சிட்டியில், வீட்டிலிருந்தே ஆபீஸ் கிளீனிங் நிறுவனம் நடத்துகிறேன். நானும் கணக்குப் பார்க்கும் பெண்ணும் போக 7 பேர் வாடிக்கையாளர் கட்டடங்களில் வேலை செய்கிறார்கள். நிறுவனம் எனக்கும் மைத்துனருக்கும் சரிபாதி. நான் சிட்டிசன், அவருக்கு கிரீன் கார்டு. பால்டிமோரில் ஹப்ஜோன் (பின்தங்கியது என்று மத்திய அரசு குறித்த) பகுதியில் ஒரு விர்ச்சுவல் ஆபீஸ், அதாவது வெறும் முகவரி, எடுத்தால் போதும், மத்திய அரசு டெண்டர்களில் முன்னுரிமை கிடைக்கும், எல்லாவற்றையும் முடித்துத் தர 4,500 டாலர் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழைத் தருவது எஸ்பிஏ என்கிற மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாக அமைப்பு, அதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. அரசோடு வியாபாரம் செய்ய சாம் (SAM.gov) என்கிற அரசு இணையதளத்தில் பதிய வேண்டுமே, அதுவும் இலவசம். அதில் பதிந்த மறுநாளிலிருந்து அரசாங்கக் கடிதம் மாதிரியே முத்திரையெல்லாம் போட்டு "உங்கள் பதிவு காலாவதியாகப் போகிறது, உடனே பணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் வர ஆரம்பிக்கும். அதையும் குப்பையில் போடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். வேலையில்லாமையும் வறுமையும் அதிகமுள்ள பகுதிகளில் வேலை உருவாகட்டும் என்று 1997இல் கொண்டுவந்த திட்டம் இது. மத்திய அரசின் நேரடி ஒப்பந்தப் பணத்தில் 3 சதவீதம் ஹப்ஜோன் சான்றிதழ் வாங்கிய சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்பது இலக்கு. பெரும்பாலான வருடங்களில் அதை எட்டுவதில்லை, கேட்பாரும் இல்லை. சில ஒப்பந்தங்களை இவர்களுக்கென்றே ஒதுக்குவார்கள். பொதுப் போட்டியாக இருந்தால் 10 சதவீத விலைச் சலுகை உண்டு. பெரிய கம்பெனி 1,00,000 டாலர் கேட்டு, நீங்கள் 1,08,000 கேட்டாலும் உங்கள் விலைதான் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் உங்களைவிடக் குறைவாகக் கேட்டவர் இன்னொரு சிறு நிறுவனமாக இருந்தால் இந்தச் சலுகை வேலை செய்யாது. கன்சல்டன்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

உங்களுக்கு முதல் சிக்கல் அந்தச் சரிபாதி. குறைந்தது 51 சதவீதம் அமெரிக்கக் குடிமக்கள் கையில் இருக்க வேண்டும், கட்டுப்பாடும் அவர்களிடமே இருக்க வேண்டும். கிரீன் கார்டு இங்கே செல்லாது. ஆக, மைத்துனரோடு உட்கார்ந்து பேசி பங்கை மாற்றி எழுதாமல் மேலே போகவே முடியாது. (வேலை செய்பவர்கள் சிட்டிசனாக இருக்க வேண்டியதில்லை.)

இரண்டாவது, ஆட்கள். உங்கள் ஊழியர்களில் 35 சதவீதம் பேர் ஹப்ஜோனில் குடியிருக்க வேண்டும். சம்பளம் எடுக்காவிட்டாலும் உழைக்கிற முதலாளியும் கணக்கில் ஒரு தலை. உங்களையும் சேர்த்து 9 பேர், அதில் 35 சதவீதம் 3.15, கிட்டத்து முழு எண் 3. அந்த மூன்று பேர் உங்களிடம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பால்டிமோர் நகரத்துக்குள் இருப்பவர்கள் யாராவது இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் அந்த விர்ச்சுவல் ஆபீஸ். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், எல்லோரும் விழுகிற குழி இதுதான். தலைமை அலுவலகம் என்றால் லெட்டர்பேடில் இருக்கும் முகவரி என்று நினைக்கிறார்கள். சட்டம் கேட்பது, உங்கள் ஆட்களில் அதிகம் பேர் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்பதை. அப்படியானால் துப்புரவு ஆட்கள் நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்களே என்பீர்கள். அதற்கு ஒரு விலக்கு உண்டு: ஒப்பந்தப்படி வாடிக்கையாளர் இடத்தில் பாதி நேரத்துக்கு மேல் வேலை செய்பவர்களை இந்தக் கணக்கிலிருந்து மட்டும் கழித்துவிடுவார்கள். உங்கள் 7 பேரும் கழிந்துவிட்டால் மிச்சம் நீங்களும் கணக்குப் பெண்ணும். நீங்கள் இரண்டு பேரும் எலிகாட் சிட்டியில் வீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தால் உங்கள் தலைமை அலுவலகம் எலிகாட் சிட்டிதான், பால்டிமோரில் எத்தனை தபால் பெட்டி வாடகைக்கு எடுத்தாலும் சரி. சரி, நானும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன், அவளையும் அனுப்பிவிடுகிறேன் என்றால் அதுவும் நடக்காது. எல்லோருமே வெளியிடத்தில் வேலை செய்தால் அந்த நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகமே இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே ஹப்ஜோனுக்குள் கதவும் மேசையும் கரண்ட் பில்லும் உள்ள ஒரு சின்ன அறையாவது எடுத்து, இருவரும் நிஜமாகவே அங்கே போய் வேலை பார்க்க வேண்டும். நேரில் வந்து பார்க்கவும் எஸ்பிஏவுக்கு உரிமை உண்டு.

அறை எடுக்கும்முன் எஸ்பிஏ வரைபடத்தில் முகவரியை நீங்களே தட்டிப் பாருங்கள். தெருவின் இந்தப் பக்கம் உள்ளே, அந்தப் பக்கம் வெளியே என்று இருக்கும். 5 வருடத்துக்கு ஒருமுறை மாறும் வரைபடம் அது, கடைசியாக 2023 ஜூலையில் மாற்றினார்கள். "ரீடெசிக்னேட்டட்" என்று போட்டிருந்தால் அந்த இடத்துக்கு முடிவுத் தேதி குறித்தாயிற்று என்று அர்த்தம். புரோக்கர்கள் நீண்ட லீஸில் தள்ளிவிடப் பார்ப்பது இந்த மாதிரி இடங்களைத்தான்.

முழு விண்ணப்பம் வந்து 60 நாளில் முடிவு சொல்வோம் என்கிறார்கள். "முழு" என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். உங்கள் ஊழியரின் டிரைவிங் லைசென்ஸில் அம்மா வீட்டு முகவரி இருந்தால் அந்த ஒரு தாளுக்காகக் கடிதம் வரும், பதில் போவதற்குள் இன்னொரு கடிதம் வரும். ஏழைப் பகுதிக்கு உதவுகிற திட்டத்தில், வாரக் கூலிக்காரனிடம் லீஸ் பத்திரம் கேட்கிற புத்தி யாருக்கு வந்ததோ.

இன்னொரு எச்சரிக்கை. சான்றிதழ் கைக்கு வந்ததும் "உங்கள் பெயரில் டெண்டர் போடுங்கள், வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு 10 சதவீதம்" என்று யாராவது வருவார். இத்தகைய சேவை ஒப்பந்தத்தில் அரசு தரும் பணத்தில் பாதிக்கு மேல் சான்றிதழ் இல்லாத துணை ஒப்பந்ததாரருக்குத் தரக்கூடாது. பொய்த் தகுதி காட்டி வாங்கினால் ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையுமே அரசுக்கு நட்டம் என்று வைத்துத்தான் வழக்கு வரும். கன்சல்டன்ட் அப்போது போனை எடுக்க மாட்டார்.

உதவி வேண்டுமா, ஏபெக்ஸ் ஆக்ஸிலரேட்டர் என்று பாதுகாப்புத் துறை நிதியில் நடக்கும் மையங்கள் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. மேரிலாந்திலும் இருக்கிறது, ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை. இந்த வாரம் ஆட்களின் முகவரிகளைச் சேகரித்து வரைபடத்தில் பாருங்கள். மூன்று பேர் தேறினால் மைத்துனரிடம் பேசுங்கள், தேறாவிட்டால் அடுத்து வேலைக்கு எடுக்கும் ஆளை அந்தப் பகுதியிலிருந்து எடுங்கள். அறை பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்.