கியோட்டோவிலிருந்து ஒசாகாவுக்கு ஒரு நாள்: எந்த வரிசையில் சுற்றலாம், சைவத்துக்கு என்ன வழி?

கேள்வி: கியோட்டோவில் தங்குகிறோம். ஒசாகாவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். கணவர் எல்லாம் சாப்பிடுவார். நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. எந்த வரிசையில் பார்ப்பது? மெட்ரோ பாஸ் வாங்கலாமா?

பதில்: ஒசாகாவின் தெற்குப் பகுதி இருட்டிய பிறகுதான் களைகட்டும். ஒசாகா கோட்டையோ மாலையிலேயே மூடிவிடும். ஆகவே காலையில் கோட்டை, மதியம் குரோமோன் உணவுச் சந்தை, பிறகு ஷின்செகாய் என்னும் பழைய கேளிக்கைப் பேட்டை, இரவில் விளக்குகள் மின்னும் ஆற்றோர உணவுத் தெருவான டோடன்போரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) ரயிலில் ஒசாகா நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மறுபடி வண்டி மாறுகிறார்கள். நீங்கள் கெய்ஹான் என்னும் தனியார் நிறுவனத்தின் விரைவு ரயிலில் கியோட்டோவின் கியோன்-ஷிஜோ நிலையத்தில் ஏறி, ஒசாகாவின் தெம்மாபாஷியில் இறங்குங்கள். முக்கால் மணி நேரப் பயணம். சாதாரணப் பெட்டிக்கு விரைவுக் கட்டணம் இல்லை. 'பிரீமியம் கார்' என்று எழுதிய பெட்டிக்கு மட்டும் தனி டிக்கெட் வேண்டும். அங்கிருந்து கோட்டைக்கு மெதுவாக நடந்தால் 20 நிமிடம்.

கோட்டைக் கோபுரம் 1931இல் நகர மக்களின் நன்கொடையில் எழுந்த கான்கிரீட் கட்டடம். உள்ளே லிப்ட் வைத்த அருங்காட்சியகம்தான். பழைய மர மாளிகையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். உண்மையான அதிசயம் அகழியும் மதில்களும். அந்த மதில்களும் இந்தக் கோட்டையை முதலில் எழுப்பிய ஹிதேயோஷி கட்டியவை அல்ல. அவர் வம்சத்தை வீழ்த்தி ஆட்சியைப் பிடித்த தொக்குகாவா குடும்பத்தார் 1620களில் எழுப்பியவை. சகுராமோன் வாசலைத் தாண்டியதும் எதிரே ஒரே பாறை சுவராக நிற்கும். அதன் முகப்பு மட்டும் சுமார் 60 சதுர மீட்டர். கோபுரத்துக்குள் போவதானால் 9 மணிக்கே போய்விடுங்கள். இல்லையென்றால் வெளியே சுற்றிப் பார்ப்பதே போதும்.

கோட்டைக்கு அருகிலுள்ள தனிமாச்சி 4-சோமே நிலையத்தில் மெட்ரோ ஏறி, தனிமாச்சி 9-சோமேயில் மாறி நிப்பொம்பாஷியில் இறங்கினால் குரோமோன் சந்தை. மாட்டிறைச்சிக் குச்சி, சிப்பி என்று கணவருக்கு நிறைய உண்டு. விலை சுற்றுலாப் பயணிகளுக்கான விலை. பலகையைப் பார்த்துவிட்டே வாங்குங்கள். உங்களுக்குப் பழங்கள், சோயா பால், பயறுப் பூரணம் வைத்த மோச்சி என்னும் அரிசி உருண்டை. வாங்கிய கடை வாசலிலேயே நின்று சாப்பிட்டுக் குச்சியை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். தெருவில் குப்பைத்தொட்டியைக் காண்பது அரிது.

இப்போது சைவ விஷயம். சிக்கல் கண்ணில் தெரியும் மீனில் இல்லை, 'தாஷி' என்னும் சாற்றில் இருக்கிறது. கடற்பாசியோடு உலர்ந்த சூரைமீன் சீவலையும் ஊறவைத்து எடுப்பது அது. ஒசாகாவின் பெருமையான கித்சுனே உடோன் என்னும் நூடுல்ஸ் குழம்பில் மேலே கிடப்பது இனிப்பான பொரித்த டோஃபுதான். குழம்பு முழுக்க தாஷி. ஒகோனோமியாகி என்னும் முட்டைக்கோஸ் அடையில் மேலே தூவும் மீன் சீவலை வேண்டாம் என்று சொன்னாலும் பயனில்லை, மாவிலேயே தாஷியும் முட்டையும் கலந்திருக்கும். ஷின்செகாயின் குஷிகாத்சுவில் (குச்சியில் குத்தி மாவில் தோய்த்துப் பொரிப்பது) வெங்காயம், தாமரைத்தண்டு எல்லாம் கிடைக்கும். ஆனால் மேல்மாவில் முட்டை, பொரிப்பது மாட்டுக்கொழுப்பு கலந்த எண்ணெயாக இருக்கலாம், அதே எண்ணெயில் இறைச்சியும் வேகும். 'சைவம்' என்று சொன்னால் இறைச்சித் துண்டு இல்லை என்று மட்டும் புரிந்துகொள்வார்கள். அதனால் மீன், தாஷி, முட்டை, இறைச்சி, விலங்குக் கொழுப்பு எதுவும் கூடாது என்று தனித்தனியாக ஜப்பானிய மொழியில் எழுதி போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். வீகன் ஒகோனோமியாகி போடும் கடைகள் சில உண்டு, முன்பதிவு செய்துவிடுங்கள். டோடன்போரிக்கு வடக்கே ஷின்சாய்பாஷிப் பக்கம் இந்திய உணவகங்களும் இருக்கின்றன. பல கடைகளில் மதியச் சாப்பாடு 2, 2.30க்கு முடிந்து, மறுபடி 5 மணிக்குத்தான் அடுப்பு பற்றவைப்பார்கள். அந்த இடைவெளிக்குக் கைப்பையில் ஏதாவது இருக்கட்டும்.

நிப்பொம்பாஷியிலிருந்து ஒரே நிறுத்தம் எபிசுச்சோ. இறங்கினால் ஷின்செகாய், 1956இல் கட்டிய 108 மீட்டர் சுதென்காக்கு கோபுரம். ஒரு மணி நேரம் தாராளம். கணவர் குஷிகாத்சு சாப்பிட்டால், பொதுக் கிண்ணத்தில் சாஸ் வைத்திருந்தால் அதில் ஒரு முறைதான் தோய்க்கலாம். கடித்த குச்சியை மறுபடி விடக் கூடாது.

அந்தி சாயும்போது ஷின்செகாயின் மறுபக்கமுள்ள தோபுத்சுயென்-மாயே நிலையத்திலிருந்து மிடோசுஜி மெட்ரோ தடத்தில், டோடன்போரிக்கு அருகிலுள்ள நம்பாவுக்கு வாருங்கள். வார நாளில் இந்தத் தடத்தில் 6ஆம் பெட்டி நாள் முழுக்கப் பெண்களுக்கானது. கணவரை அதில் ஏற்றிவிடாதீர்கள். எஸ்கலேட்டரில் ஒசாகாவில் வலப்பக்கம் நிற்பதே வழக்கம். டோடன்போரியின் எபிசு பாலத்தில் நின்று, ஓட்டக்காரர் உருவம் கொண்ட கிளிகோ விளம்பர விளக்கைப் பார்த்துவிட்டு, ஆற்றோரப் படிக்கட்டில் இறங்கி நடந்தால் நெரிசல் குறையும். தகோயாகி (ஆக்டோபஸ் துண்டு வைத்த மாவு உருண்டை) வாங்கியதும் வாயில் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். வெளியே ஆறியதுபோல் இருக்கும், உள்ளே மாவு கொதித்துக்கொண்டிருக்கும். குச்சியால் குத்தி ஆவியை விட வேண்டும்.

பாஸ் கணக்கு: குறைந்தபட்ச மெட்ரோ கட்டணம் 190 யென். இந்தத் திட்டத்தில் நான்கு பயணங்கள், சுமார் 800 யென். ஒருநாள் மெட்ரோ பாஸான எகோ கார்டு வார நாளில் 820 யென், சனி ஞாயிறு, விடுமுறை நாள்களில் 620. வார நாளில், பணம் ஏற்றி வைத்துத் தட்டிச் செல்லும் இகோகா கார்டே போதும். விடுமுறை நாளென்றால் பாஸ் வாங்குங்கள். கெய்ஹானுக்கும் ஜே.ஆருக்கும் அந்த பாஸ் செல்லாது.

திரும்பும்போது நம்பாவிலிருந்து யோதோயாபாஷி. கெய்ஹான் ரயில் அங்கேதான் புறப்படுகிறது; ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்கு வரிசையில் முன்னால் நின்றால் இருவருக்கும் உட்கார இடம் கிடைக்கும்.